குவான்ட் நிறுவனத்தில் நிதியறிக்கை படிக்கிறவருக்கு என்ன வேலை?

சாய்ந்தகோபுரம்:

வணக்கம். ஊர் தெலுக் இந்தான். கம்பாரில் கணக்கியல் இறுதியாண்டு மாணவி. சிங்கப்பூரில் உள்ள சில குவான்ட் (கணித மாடல் வைத்து முதலீடு செய்யும்) நிறுவனங்கள் 'ஃபண்டமென்டல் ரிசர்ச்சர்', அதாவது நிதியறிக்கை ஆய்வாளர் என்ற பெயரில் ஆள் எடுக்கின்றன. விளம்பரத்தை நாலு தடவை படித்தும் தலைகால் புரியவில்லை. வாங்குவதா விற்பதா என்று மாடலே முடிவெடுக்கும் இடத்தில், ஆண்டறிக்கையை உட்கார்ந்து படிக்கிற ஆளுக்கு என்ன வேலை?

பைத்தான் ஓரளவு வரும். புள்ளியியலில் இரண்டு பாடம் எடுத்திருக்கிறேன். இதற்கு மேல் சிஎஃப்ஏ (முதலீட்டு ஆய்வாளர் பட்டயத் தேர்வு) எழுதுவதா, முதுகலைக்குப் போவதா?

கையில் காட்ட ஒரு புராஜெக்ட் வேண்டும் என்கிறார்கள். மலேசியப் பங்குச் சந்தையான புர்சாவில் உள்ள செம்பனைக் கம்பெனிகளை எடுக்கலாமா? இங்கே திரும்பிய பக்கமெல்லாம் அதுதானே. அப்பா ஒரு பெரிய கம்பெனியின் எஸ்டேட் ஆபீஸில் கிராணி (எழுத்தர்). எந்த மாதம் எத்தனை டன் குலை வெட்டினார்கள் என்பது அவருக்கு அப்போதே தெரியும். அதையும் சேர்த்தால் மற்றவர்களிடம் இல்லாத டேட்டா ஆகிவிடுமே?

ஏழாங்கட்டை:

மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம் தங்கச்சி. முதல்ல, அப்பாகிட்ட டன் கணக்கு கேக்காதீங்க.

கம்பெனி புர்சாவுல இன்னும் அறிவிக்காத கணக்கு, பங்கு விலையை அசைக்கக்கூடியதா இருந்தா அது உள்தகவல். 2007ஆம் வருஷத்து மூலதனச் சந்தை, சேவைகள் சட்டத்துல 188ஆவது பிரிவைப் பாருங்க. 10 வருஷம் வரைக்கும் சிறை, அபராதம் ஒரு மில்லியன் ரிங்கிட்டுக்குக் குறையாது. வாங்கி வித்தவங்களுக்கு மட்டும் இல்ல, சொன்னவங்களுக்கும் அது பாயும். அப்பா வேலைக்கும் ஆபத்து.

ஒரு எஸ்டேட்டு விளைச்சல் அவ்வளவு பெரிய கம்பெனி பங்கை அசைக்காதுன்னு வாதம் பண்ணலாம். ஆனா குவான்ட் நிறுவனத்துல உள்ள வர்ற ஒவ்வொரு டேட்டாவுக்கும் எங்கிருந்து வந்துச்சு, யாரு கொடுத்தா, கொடுக்க அவங்களுக்கு உரிமை இருக்கான்னு கம்ப்ளையன்ஸ் (சட்டவிதி பாக்குற) ஆளுங்க கேப்பாங்க. 'அப்பா சொன்னாரு'ன்னு அந்தக் கட்டத்துல எழுத முடியாது. நேர்காணல்ல இதைப் பெருமையா எடுத்து விட்டீங்கன்னா அங்கேயே கதை முடிஞ்சிடும்.

அப்பாகிட்ட கேக்க வேண்டியது வேற நிறைய இருக்கு. வெட்டு ரவுண்டு எத்தனை நாளுக்கு ஒரு தடவை, ஆள் பத்தலைன்னா எந்த வேலையை முதல்ல நிறுத்துவாங்க, பழுக்காத குலை மில்லுக்குப் போனா என்ன ஆகும், உரம் எந்த மாசம் போடுவாங்க, ஏன் அந்த மாசம். இதெல்லாம் தொழிலறிவு, எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க. சொல்லப்போனா உங்ககிட்ட இருக்குற உண்மையான சொத்தே அதுதான்.

உதிரிப்பழம்:

ஏழாங்கட்டை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். முதல் கேள்விக்கு வருகிறேன்.

இந்தப் பெயரில் மூன்று வேறு வேலைகள் ஒளிந்திருக்கும். எது என்று தெரியாமல் விண்ணப்பித்தால் தயாரிப்பு முழுவதும் வீண். விளம்பரத்தில் 'கவரேஜ்', 'நிர்வாகத்துடன் சந்திப்பு' என்று வந்தால் அது வழக்கமான ஆய்வாளர் வேலை: ஒரு துறையில் சில டஜன் பங்குகள், எக்செலில் லாபக் கணிப்பு, ஒரு போர்ட்ஃபோலியோ மேனேஜர். குவான்ட் என்று பெயர் எடுத்த நிறுவனங்களிலும் இது உண்டு. 1988இல் தொடங்கிய டி.ஈ. ஷா போன்ற இடத்தில் கணினி வழி முதலீடும் மனிதர் முடிவெடுக்கும் முதலீடும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. 'சிக்னல்' (பங்கு ஏறுமா இறங்குமா என்ற கணிப்பு), 'ஆல்ஃபா' (சந்தையை மிஞ்சும் லாபம்), 'கிராஸ் செக்ஷன்' (ஒரே நேரத்தில் பல பங்குகளை ஒப்பிடுவது) என்று வந்தால் அது இரண்டாவது வகை: நிதியறிக்கை அறிவை, ஆயிரக்கணக்கான கம்பெனிகளுக்கு ஒரே மாதிரி பொருந்தும் விதியாக மாற்றும் வேலை. 'வெண்டர்', 'மேப்பிங்', 'டேட்டா தரம்' என்றால் மூன்றாவது: வாங்கிய நிதி டேட்டா சரியா, பெயர் மாறிய கம்பெனி சரியான கம்பெனியோடு இணைந்திருக்கிறதா என்று பார்ப்பது. மூன்றாவதைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கணக்கியல் படித்துவிட்டு இந்தத் துறைக்குள் நுழைய அதைவிட நேரான வாசல் கிடையாது. மாடல் எங்கே தப்பாகக் கற்றுக்கொள்கிறது என்பதும் அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும்.

நீங்கள் கேட்பது இரண்டாவது வகை என்று எடுத்துக்கொள்கிறேன். அதன் தர்க்கத்தை ஒரு கணக்கில் காட்டலாம். 1989இல் கிரினோல்டு எழுதிய சூத்திரம்: தகவல் விகிதம் (எடுத்த ஆபத்துக்கு ஈடாக, சந்தையைவிடக் கூடுதலாக வந்த லாபம்) என்பது கணிப்புத் திறனை, ஓராண்டில் எடுக்கும் சுயேச்சையான முடிவுகளின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவது. கணிப்புத் திறன் என்றால் நீங்கள் சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள ஒட்டுறவு எண்.

ஒரு நல்ல ஆய்வாளர் 20 பங்குகளைக் காலாண்டுக்கு ஒருமுறை கணிக்கிறார், திறன் 0.1 என்று வையுங்கள். 80 முடிவுகள், வர்க்கமூலம் ஏறக்குறைய 9, விகிதம் 0.9. ஒரு குவான்ட் விதி 2,000 பங்குகளை மாதாமாதம் கணிக்கிறது, திறன் வெறும் 0.02. முடிவுகள் 24,000, வர்க்கமூலம் 155, விகிதம் 3.1. ஐந்தில் ஒரு பங்கு திறமையோடு மூன்று மடங்குக்கு மேல் பலன்.

ஆனால் 'சுயேச்சையான' என்ற சொல்லில்தான் ஓட்டை. நிஜத்தில் யாருக்கும் 3.1 கிடைப்பதில்லை, 2,000 பங்குகளும் 2,000 தனி முடிவுகள் அல்ல என்பதால். செம்பனையில் இது கண்கூடு. 40 தோட்டக் கம்பெனிகளை எடுத்தாலும் எல்லாம் ஒரே பாமாயில் விலையோடுதான் ஏறி இறங்கும். அந்த விலையின் பாதிப்பைக் கழித்த பிறகு மிஞ்சுவதில்தான் உங்கள் திறமை தெரியும்.

ஆகவே 'இது நல்ல கம்பெனி, நிர்வாகம் நேர்மையானது' என்ற முடிவுக்கு இங்கே விலை இல்லை. 'இப்படிப்பட்ட கம்பெனிகள் இந்த நிலையில் இப்படி நடந்துகொள்ளும், காரணம் இது' என்று சொல்ல வேண்டும். லாபம் ஏறுகிறது, ரொக்கம் ஏறவில்லை என்றால் அந்த லாபம் நிலைக்காது என்பது 1996இல் ஸ்லோன் காட்டியது. பொறியியல் படித்தவருக்கும் இந்தச் சூத்திரத்தை எழுதத் தெரியும். ஆனால் வங்கிக்கு இதைப் போட்டால் அர்த்தமில்லாத எண் வரும். வீட்டுமனைக் கம்பெனிக்குப் போட்டால், கட்டுமானம் முன்னேற முன்னேற வருமானம் எழுதும் முறை அந்த எண்ணை ஆட்டிவைக்கும். தோட்டக் கம்பெனிக்கு மரத்தில் தொங்கும் குலையின் மதிப்பே லாபத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். எந்த இடத்தில் விதி உடையும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அந்தச் சம்பளம்.

படிப்பு பற்றி: சிஎஃப்ஏ மூன்று நிலை. மூன்றையும் தாண்டினாலும் பட்டயம் கைக்கு வர குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணி நேரத் தொடர்புடைய வேலை அனுபவம் வேண்டும். முதல் வகை வேலைக்கு அது உதவும். இரண்டாவது வகைக்கு முதல் நிலை மட்டும் எழுதினால் கெடுதல் இல்லை, ஆனால் ரிக்ரஷன், காலத்தொடர், கொஞ்சம் லீனியர் அல்ஜிப்ரா, எஸ்க்யூஎல், பாண்டாஸ் இவைதான் அங்கே பேசும். இரண்டு புள்ளியியல் பாடம் போதாது. பிடிபிடிஎன் கல்விக் கடன் ஏற்கெனவே தலையில் இருந்தால் உடனே முதுகலைக்கு ஓட வேண்டாம். மூன்றாவது வகை வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து, என்ன குறைகிறது என்று தெரிந்த பிறகு படிக்கலாம்.

சிங்கப்பூர் என்றால் இன்னொன்று. 2025 ஜனவரி முதல் நிதித்துறையில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் (வெளிநாட்டவர் வேலை அனுமதி) கேட்க மாதச் சம்பளம் குறைந்தது 6,200 சிங்கப்பூர் வெள்ளி இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள், வயது கூடக் கூட அந்த அளவும் ஏறும். அதோடு விண்ணப்பத்துக்குப் புள்ளி போடும் கம்பாஸ் முறையும் உண்டு. புதிதாகப் படித்து முடித்தவர் அதற்குக் கீழே ஒரு சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டு பயனில்லை.

பெரட்டுமணி:

புராஜெக்ட் பற்றி நான் எழுதுகிறேன். செம்பனை நல்ல தேர்வு, காரணம் ஒன்றுதான்: புர்சாவில் உள்ள தோட்டக் கம்பெனிகள் மாத உற்பத்தியை மாதாமாதம் அறிவிக்கின்றன. காலாண்டு அறிக்கை வருவதற்கு முன்பே, மூன்று மாதத்தில் எத்தனை டன் குலை வெட்டப்பட்டது என்பது எல்லாருக்கும் பொதுவில் கிடைத்துவிடும். அப்பாவைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி இப்படி இருக்கட்டும்: பொதுவில் உள்ள உற்பத்தியையும் விலையையும் வைத்துக் காலாண்டு லாபத்தை எவ்வளவு தூரம் முன்கூட்டிச் சொல்ல முடியும், சொல்ல முடியாமல் மிஞ்சும் பகுதி அறிக்கைக்குப் பிறகான பங்கு விலையை நகர்த்துகிறதா?

ஒரு கற்பனைக் கம்பெனி. காலாண்டில் 200,000 டன் குலை. எண்ணெய் பிழிவு 21 விழுக்காடு என்றால் 42,000 டன் பாமாயில். விதைப் பருப்பு 5 விழுக்காடு, 10,000 டன். பாமாயில் சராசரி 4,000 ரிங்கிட் என்றால் 168 மில்லியன், பருப்பு 2,800 என்றால் 28 மில்லியன். ஒரு டன் பாமாயிலுக்கு அடக்கச் செலவு 2,400 என்றால் 100.8 மில்லியன் கழியும். மிச்சம் 95 மில்லியன் சொச்சம். விலை 100 ரிங்கிட் அசைந்தால் லாபம் 4.2 மில்லியன் அசையும். இதுவரை யாரும் போடக்கூடிய கணக்குதான். இனிமேல்தான் தப்பு நடக்கும்.

செலவை டன்னுக்கு இவ்வளவு என்று நிலையாக வைப்பது முதல் தப்பு. களை எடுப்பு, உரம், சம்பளத்தில் பெரும்பகுதி எல்லாம் ஹெக்டருக்குத்தான் ஆகிறது, விளைந்தாலும் விளையாவிட்டாலும். விளைச்சல் பிப்ரவரியை ஒட்டிக் குறையும், செப்டம்பர் அக்டோபரில் உச்சத்துக்குப் போகும். மேலே சொன்ன 100.8 மில்லியனில் 70 விழுக்காடு நிலைச் செலவு என்று வைத்து, குலை 160,000 டன்னாக இறங்கினால் என்ன ஆகும் பாருங்கள். பாமாயில் 33,600 டன், செலவு 94.75 மில்லியன். டன்னுக்கு 2,820 ரிங்கிட் வருகிறது, 2,400 இல்லை. இதைக் கவனிக்காத மாடல் ஒவ்வோர் ஆண்டும் முதல் காலாண்டு லாபத்தைக் கூட்டிச் சொல்லும், மூன்றாம் காலாண்டைக் குறைத்துச் சொல்லும். பிறகு அதையே 'ஆச்சரியம்' என்று எண்ணிச் சிக்னலாக விற்கப் பார்க்கும். குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 ரிங்கிட், 2025 பிப்ரவரியில் 1,700 என்று ஏறியதையும் தேதியோடு செலவில் ஏற்ற வேண்டும்.

அடுத்தது விலை. எம்பிஓபி (மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம்) வெளியிடும் மாதச் சராசரி விலைக்கா கம்பெனி விற்றது? மூன்றில் ஒரு பங்கை இரண்டு மாதம் முன்பே 3,700க்கு விற்று வைத்திருந்தால் 14,000 டன்னில் 300 ரிங்கிட் போச்சு, 4.2 மில்லியன். காலாண்டு முடிவில் 3,000 டன் எண்ணெய் தொட்டியிலேயே நின்றால், அதன் லாபம் 4.8 மில்லியன் அடுத்த காலாண்டுக்கு நகரும். சபாவில் 7.5 விழுக்காடு விற்பனை வரி, சரவாக்கில் 5 விழுக்காடு. தீபகற்பத்துத் தோட்டத்துக்கும் சபாத் தோட்டத்துக்கும் ஒரே விலை போட்டால் சபாக் கம்பெனியின் லாபம் எப்போதும் ஏமாற்றும். விண்ட்ஃபால் லெவி, அதாவது விலை ஒரு வரம்பைத் தாண்டினால் மிகுதிமேல் விழும் வரி, 3 விழுக்காடு. அதன் வாசல் 2025 ஜனவரி முதல் தீபகற்பத்துக்கு 3,150, சபா சரவாக்குக்கு 3,650. அதற்கு முன் 3,000, 3,500. தொகை சின்னதுதான்: 4,000 ரிங்கிட் விலையில் டன்னுக்கு 25 ரிங்கிட் அளவு. வேண்டுமானால் விட்டுவிடலாம், ஆனால் விட்டதாக எழுதி வையுங்கள்.

இந்தோனேசியாவில் தோட்டம் உள்ள கம்பெனிக்கு அங்கேயுள்ள ஏற்றுமதி வரி, லெவி எல்லாம் உள்ளூர் விலையைக் கீழே இழுக்கும். 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை ஏற்றுமதிக்கே தடை. அந்தக் காலாண்டை மாடல் தப்பாகச் சொன்னால் மாடலைத் திருத்தாதீர்கள். டேட்டாவில் அந்தக் காலாண்டுக்கு ஒரு குறி போட்டு, சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு முடிவையும் காட்டுங்கள்.

விளைச்சலிலும் ஒரு நுணுக்கம். வறட்சி அடித்த மாதத்திலேயே குலை குறைவதில்லை. பூ ஆணாகுமா பெண்ணாகுமா என்று தீர்மானமாவது வெட்டுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்னால், பூ கருகி விழுவது பத்து மாதம் போல முன்னால். 2015 எல் நினோ வறட்சியின் அடி 2016இல்தான் முழுசாகத் தெரிந்தது: நாட்டின் பாமாயில் உற்பத்தி 19.96 மில்லியன் டன்னிலிருந்து 17.32 மில்லியனுக்கு இறங்கியது. ஆள் பற்றாக்குறை வேறு கதை. வெட்டு ரவுண்டு 10, 14 நாளிலிருந்து 20 நாளைத் தாண்டினால் குலை அளவுக்கு மீறிப் பழுத்து உதிர்ந்துவிடும், பொறுக்க ஆளில்லாமல் உதிரிப்பழம் மரத்தடியிலேயே கிடக்கும். டன் குறைந்தது என்ற ஒரே எண்ணுக்குப் பின்னால் மரமா ஆளா என்ற இரண்டு காரணங்கள். மரம் என்றால் குறைவு பல மாதம் நீடிக்கும். ஆள் என்றால் ஆள் வந்ததும் ரவுண்டு பழையபடி ஆகிவிடும். இதைப் பிரிக்க மழை டேட்டாவையும் அதே வட்டாரத்துப் பக்கத்துக் கம்பெனியின் உற்பத்தியையும் ஒப்பிடலாம். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடைக்கும் அறிவு இந்த இடத்தில்தான் வேலைக்கு ஆகும்.

உதிரிப்பழம்:

பெரட்டுமணி தேதி விஷயத்தைத் தொடவில்லை. பெரும்பாலான மாணவர் புராஜெக்ட் மண்ணைக் கவ்வுவது அங்கேதான்.

மார்ச் 31இல் முடியும் காலாண்டுக்கு அறிக்கை வெளியிட இரண்டு மாதம் அவகாசம், அதாவது மே 31 வரை. டேட்டாவில் 'மார்ச் 31' என்று இருப்பதைப் பார்த்து ஏப்ரல் 1இல் வாங்கியதாக பேக்டெஸ்ட் (பழைய டேட்டாவில் விதியைச் சோதிப்பது) ஓட்டினால், யாருக்கும் தெரியாத லாபத்தை இரண்டு மாதம் முன்பே தெரிந்து வைத்திருந்ததாக ஆகிறது. கிராஃப் அழகாக ஏறும். பார்க்கிறவர் முதல் நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு தேதி வையுங்கள்: எந்தக் காலத்துக்கான எண், எந்த நாள் எந்த நேரம் வெளியானது. பங்குச் சந்தை மாலை 5 மணிக்கு மூடும். 5:20க்கு வந்த அறிவிப்புக்கு அன்றைய முடிவு விலையில் வாங்க முடியாது, மறுநாள் காலைத் தொடக்க விலைதான். மாத உற்பத்திக்கும் இதே விதி. அறிவித்த நாளிலிருந்துதான் அந்த எண் இருக்கிறது.

நான்காம் காலாண்டு எண் தணிக்கைக்கு முந்தையது. தணிக்கைக்குப் பின் லாபம் 10 விழுக்காடோ அதற்கு மேலோ மாறினால் கம்பெனி தனியாக அறிவிக்க வேண்டும். விலைக்கு வாங்கும் டேட்டாவில் பல நேரம் பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதிவிடுவார்கள். நமக்கு வேண்டியது அன்று அறிவித்த பழைய எண். சந்தேகம் வந்தால் புர்சா இணையத்தளத்தில் உள்ள அசல் பிடிஎஃப்பைத் திறந்து பாருங்கள், 20 அறிக்கையையாவது கையால் ஒப்பிடுங்கள்.

கம்பெனிப் பட்டியலும் அப்படித்தான். இன்று புர்சாவில் இருப்பவற்றை மட்டும் எடுத்தால் 2016இல் வெளியேறிய கூலிம் இருக்காது. 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றானதும் தெரியாது. அந்தத் தோட்டங்களில் பல இன்று எஸ்டி கத்ரி என்ற பெயரில் நடக்கின்றன, அந்தப் பெயர் 2024இல் வந்தது. பெயரை வைத்து இணைத்தால் 2006ஆம் ஆண்டுக் கத்ரியின் லாபம் 2024 கத்ரியோடு ஒட்டிக்கொள்ளும்! சிரிப்பாக இருக்கலாம், மேப்பிங் வேலையில் அன்றாடம் நடப்பது.

ஆண்டு முடிவும் ஒன்றாக இல்லை. யுனைடெட் பிளான்டேஷன்ஸுக்கு டிசம்பர், ஐஓஐக்கு ஜூன், கேஎல்கேக்குச் செப்டம்பர். 'மூன்றாம் காலாண்டு' என்று ஒரே நெடுவரிசையில் போட்டால் மூன்றும் வேறு வேறு மாதங்கள். காலண்டர் மாதத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

சாய்ந்தகோபுரம்:

எல்லாருக்கும் நன்றி. அடக்கச் செலவு விஷயம் நான் யோசிக்கவே இல்லை. இரண்டு சந்தேகம். மரத்தில் தொங்கும் குலை லாபத்தில் வருகிறது என்றீர்களே, அதை எடுத்துவிட்டால் போதுமா? 2010 முதல் டேட்டா எடுத்தால் 2018 வாக்கில் எல்லாக் கம்பெனிக்கும் சொத்து மதிப்பு திடீரென்று மாறுகிறது, தேதியும் கம்பெனிக்குக் கம்பெனி வேறாக இருக்கிறது. என் கணக்கில் பிழையா?

பெரட்டுமணி:

பிழை இல்லை, சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள். கணக்கியல் தரமே மாறியது.

பழைய முறையில் பெரும்பாலான கம்பெனிகள் புதுநடவுச் செலவைச் சொத்தாக எழுதி, தேய்மானம் போடாமல் வைத்திருந்தன. மறுநடவுச் செலவை அந்தந்த ஆண்டு லாபத்திலேயே கழித்தன. புதிய தரத்தில் செம்பனை மரம் ஓர் இயந்திரம் மாதிரி: எம்எஃப்ஆர்எஸ் (மலேசிய நிதியறிக்கைத் தரம்) 116இன் கீழ் சொத்து, காய்க்கத் தொடங்கியதிலிருந்து தேய்மானம். மறுநடவும் சொத்துக்குப் போகிறது. மரத்தில் உள்ள குலை மட்டும் எம்எஃப்ஆர்எஸ் 141இன் கீழ் நியாய மதிப்பில் வரும், காலாண்டு முடிவில் விலை எங்கே நிற்கிறதோ அதற்கேற்ப லாபத்தில் ஏறும் இறங்கும். தோட்டக் கம்பெனிகளுக்குக் கடைசிக் கெடு 2018 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டு. அதனால் டிசம்பர்க் கம்பெனிக்கு 2018 ஜனவரி, ஜூன் கம்பெனிக்கு 2018 ஜூலை, செப்டம்பர்க் கம்பெனிக்கு 2018 அக்டோபர். சிலர் முன்கூட்டியே மாறினார்கள். நீங்கள் பார்த்த தேதி வித்தியாசம் இதுதான்.

குலையின் மதிப்பு மாற்றத்தை எடுத்தால் மட்டும் போதாது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட ஒரு வழி: 2018க்குப் பிந்தைய லாபத்தில் மரத் தேய்மானத்தைத் திருப்பிக் கூட்டி, ரொக்க ஓட்ட அறிக்கையில் நடவுக்குச் செலவழித்த தொகையைக் கழியுங்கள். பழைய முறை லாபத்தில் மறுநடவு ஏற்கெனவே கழிந்துவிட்டது, புதுநடவை மட்டும் கழித்தால் போதும். கச்சிதமாகப் பொருந்தாது. நடவுத் தொகையைச் சில கம்பெனிகள் மற்ற மூலதனச் செலவோடு சேர்த்தே காட்டும், அப்போது குறிப்புகளில் மரச் சொத்தின் 'சேர்க்கை' வரியைத் தேட வேண்டும். அதுவும் ஆண்டுக்கு ஒருமுறைதான் கிடைக்கும். ஆனாலும் இந்த ஒரு திருத்தத்தை நீங்களே செய்து, செய்யாவிட்டால் சொத்தின் மீதான லாப விகிதம் எவ்வளவு மாறுகிறது என்று ஒரு பக்கத்தில் காட்டினால், மற்ற விண்ணப்பங்களிலிருந்து உங்களுடையது தனியாக நிற்கும்.

ஏழாங்கட்டை:

நான் கொஞ்சம் தண்ணி ஊத்துறேன், கோவிச்சுக்காதீங்க. இவ்வளவும் செஞ்சு ஒரு சிக்னல் வந்துச்சுன்னே வைங்க. அதை வெச்சுப் பணம் பண்ண முடியுமா?

ஒரு ரிங்கிட்டுக்குக் கீழ உள்ள பங்குல விலை அரை சென் அரை சென்னாத்தான் நகரும். 50 சென் பங்குல ஒரு படியே ஒரு விழுக்காடு. வாங்கும்போது ஒரு படி, விக்கும்போது ஒரு படின்னா ரெண்டு விழுக்காடு போயிடும். முத்திரை வரி 0.1 விழுக்காடு, கிளியரிங் 0.03, ரெண்டு பக்கமும். தரகு வேற. சின்னத் தோட்டக் கம்பெனி பங்கு சில நாள்ல கைமாறவே மாறாது. விலை இறங்கும்னு நம்பி, பங்கையே கடன் வாங்கி விக்கலாம்னா அதுக்கு அனுமதிச்ச பட்டியல்ல அந்தப் பங்கு இருக்கணும். ஆக 'வருஷத்துக்கு 12 விழுக்காடு'ன்னு பேக்டெஸ்ட்ல காட்டுறது பாதிக்கு மேல காகிதத்துலதான் இருக்கும்.

செய்ய வேணாம்னு சொல்லல. லாபம் வராதுன்னு நீங்களே கணக்குப் போட்டு எழுதிடுங்க. எவ்வளவு பணம் வரைக்கும் இது தாங்கும், எந்தச் செலவுல செத்துப் போகும்னு. அதைக் கேக்கத்தான் எதிர்ல உக்காந்திருப்பாங்க.

உதிரிப்பழம்:

உண்மை. அதனால்தான் செம்பனையோடு நிறுத்தக் கூடாது. செம்பனையில் உங்கள் ஆழத்தைக் காட்டுங்கள், அகலத்துக்கு அமெரிக்க டேட்டா. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்இசியின் எட்கர் தளத்தில் நிதியறிக்கைகள் கணினி படிக்கும் வடிவில் 2009 முதல் இலவசமாக உண்டு, ஒவ்வொன்றும் ஏற்கப்பட்ட நாளும் நேரமும் சேர்த்து. தேதித் தலைவலி அங்கே பாதி குறையும். ஒரே ஓர் எண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக: நிலைச் செலவு அதிகமுள்ள கம்பெனிகளில், பருவம் சாராத விற்பனைச் சரிவு வந்தால் அடுத்த காலாண்டு லாபத்தைச் சந்தை குறைத்து எடைபோடுகிறதா? தோட்டத்தில் நீங்கள் பார்த்த அதே விஷயம், ஆயிரம் கம்பெனிகளில்.

எத்தனை விதிகளைச் சோதித்தீர்கள் என்பதை ஒரு கோப்பில் எண்ணி வாருங்கள், தோற்றவற்றையும் சேர்த்து. வெறும் அதிர்ஷ்டத்திலேயே 100 விதிகளில் 5 விதி 5 விழுக்காட்டு வரம்பைத் தாண்டிவிடும். 2016இல் ஹார்வி, லியு, ஜூ மூவரும் புதிய காரணிக்கு டி மதிப்பு (முடிவு தற்செயலா இல்லையா என்று காட்டும் எண்) 3க்கு மேல் வேண்டும் என்று எழுதியதன் காரணம் இதுதான். கடைசி மூன்று ஆண்டு டேட்டாவைத் தொடாமல் பூட்டி வைத்து, எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். இரண்டாவது முறை ஓட்டினால் அது பூட்டிய டேட்டா இல்லை.

சாய்ந்தகோபுரம்:

சரிங்க. நேர்காணலில் இதைப் பற்றித்தான் கேட்பார்களா, இல்லை நிகழ்தகவுப் புதிர்களா?

உதிரிப்பழம்:

இரண்டும் வரும். புதிர் மாதிரி வந்தாலும் அது பெரும்பாலும் இதையேதான் சோதிக்கும். அடிக்கடி வரும் ஒன்று: ரிக்ரஷன் டேட்டாவில் ஒவ்வொரு வரியையும் நகல் எடுத்து இரண்டு முறை போட்டால் என்ன ஆகும்?

சரிவு எண் (ஸ்லோப்) மாறாது, ஆர் ஸ்குவேர்டு (மாடல் எவ்வளவு விளக்குகிறது என்ற அளவு) மாறாது. டி மதிப்பு மட்டும் ஏறக்குறைய 1.4 மடங்கு ஆகும், இரண்டின் வர்க்கமூலம். புதிய தகவல் ஒரு துளி கூட வரவில்லை. இந்த அளவுக்குப் பலரும் சொல்லிவிடுவார்கள். அடுத்து, 'உங்கள் புராஜெக்டில் இது எங்கே நடந்திருக்கிறது?' என்று கேட்பார்கள். 12 மாத லாபத்தையோ 12 மாதப் பங்கு ஆதாயத்தையோ மாதாமாதம் எடுத்திருந்தால், பக்கத்துப் பக்கத்து வரிகளில் 11 மாதம் ஒன்றேதான். நகல் எடுத்ததற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை, டி மதிப்பு ஊதிப் போயிருக்கும். செம்பனையில் இன்னொரு நகலும் இருக்கிறது: ஒரே காலாண்டில் 40 கம்பெனியும் ஒரே விலை அதிர்ச்சியில் நகர்வது. பிழை அளவைக் காலாண்டு வாரியாகக் கொத்தாக்கி, அதாவது ஒரே காலாண்டு வரிகளை ஒரு தொகுதியாக எண்ணிக் கணக்கிடுங்கள். பைத்தானில் ஸ்டேட்ஸ்மாடல்ஸில் ஒரு வரிதான், கொத்து எண்களை மட்டும் சரியான நெடுவரிசையிலிருந்து கொடுங்கள்.

ஏழாங்கட்டை:

40 காலாண்டுன்னா கொத்து 40தான். அதுக்கும் கீழே போனா அந்தப் பிழை அளவையே நம்ப முடியாது. 2018க்கு அப்புறம் மட்டும் எடுத்துக்கலாம்னு கைவைக்காதீங்க, பெரட்டுமணி சொன்ன திருத்தத்தைப் போட்டு 2010லேர்ந்தே எடுங்க.